கைராசிக்காரன்

எங்கள் தொடர்மாடியில் எனக்குக் கைராசிக்காரன் என்று பெயர். தொடக்கி வைத்தவர் மூன்றாம் மாடி அன்ரி. வாடிய கறிவேப்பிலைக் கன்று, இலை கொட்டிய ரோசா, வருடக்கணக்கில் பூக்காத ஓர்க்கிட் என்று ஏதாவது ஒன்று மாதம் தவறாமல் மொட்டை மாடிக்கு ஏறி வரும். “தம்பி, உங்கட கையால ஒருக்கா மண்ணை மாத்தி விடுங்கோ, அது போதும்” என்பார். வந்ததில் பாதி பிழைக்கும். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் கட்டடங்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்பதால், கீழ்மாடிப் பல்கனிகளில் ஒரு மணித்தியால வெயில்கூட விழாது. மேலே வந்ததும் செடி வெயிலைக் கண்டு தானாக நிமிரும். இதைச் சொன்னால் அன்ரி கேட்பதில்லை. செத்துப்போன பாதியைப் பற்றியும் அவர் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

அந்தப் பெயரை எனக்கு வாங்கித் தந்தது ஒரே ஒரு பூ. 2021 வைகாசிக் கடைசியில் பூத்தது. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று இரண்டு மூன்று தரம் உட்கார்ந்து, பாதியில் விட்டுவிட்டேன். கதையின் முதல் பாதியை மட்டும் எழுதினால் பொய்யாகிவிடும், இரண்டாம் பாதியை எழுத வெட்கம். இப்போது வெட்கம் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

அந்த வருடச் சித்திரை விடுமுறைக்கு நுவரெலியா போனோம். கொரோனாவுக்கு ஓர் இடைவெளி கிடைத்துவிட்டது என்று கொழும்புச் சனம் முழுக்க அங்கேதான் நின்றது. சீத்தா எலிய கோயிலுக்குப் போய்விட்டு ஹக்கல பக்கமாக இறங்கினால், நாங்கள் தங்கியிருந்த பழைய துரை பங்களா. கேற்றிலிருந்து வாசல்வரை இரண்டு பக்கமும் அந்தப் பூ நின்றது. வாள் போன்ற நீண்ட இலைகள் அடர்ந்த புதருக்குள்ளிருந்து, இடுப்பளவு உயரத்துக்கு நேராக எழுந்த தண்டு. அதன் தலையில் குழாய்க் குழாயாக நூற்றுக்கணக்கான சின்னப் பூக்கள், எல்லாம் தலைகவிழ்ந்து நெருக்கியடித்துக்கொண்டு. மேலே இருக்கும் மொட்டுகள் செந்தணல் நிறம். மலர்வது கீழிருந்து மேலே. மலர மலர மஞ்சளாகும். ஆகவே பார்க்கும்போது ஒரே தண்டில் மேல்பாதி சிவப்பு, கீழ்பாதி மஞ்சள். ஆங்கிலத்தில் ரெட் ஹொட் போக்கர் என்று பங்களாக்காரர் சொன்னார். போக்கர் என்றால் சீட்டுக்கட்டுத்தானே என்று நான் விழித்தேன். உள்ளே விறாந்தைக்கு அடுத்த அறையில், கணப்பின் பக்கத்தில் சாத்தியிருந்த இரும்புக் கம்பியைக் காட்டினார். தணலைக் கிளறிவிட்டு எடுத்தால் நுனி இப்படித்தான் சிவந்திருக்குமாம். வாழ்நாளில் கணப்பே பார்த்திராத கொழும்புக்காரனுக்கு அந்தப் பெயர் எப்படி ஒட்டும்?

அம்மா பார்த்த உடனே “கொள்ளிக்கட்டை மாதிரி இருக்கு” என்றார். பொருத்தமான பெயர்தான். ஆனால் பிறகு கொழும்பில் அதைக் கேட்ட அன்ரி பதறிப்போனார். “வீட்டில வைக்கிற பூவுக்குக் கொள்ளி எண்டு ஆராவது பேர் வைப்பினமே?” கடைசியில் நிலைத்தது, பங்களாத் தோட்டக்காரர் சொன்ன பெயர்: தீவட்டிப்பூ. திருவிழாவில் சாமிக்கு முன்னால் போகும் தீவட்டியைப் பார்த்த எவருக்கும் விளக்கம் தேவையில்லை. தோட்டக்காரர் அந்தப் பக்கத்து லயத்திலிருந்து வருபவர், அறுபது வயதிருக்கும். பங்களாவுக்குப் பின்னால் கறுப்புப் பொலித்தீன் பைகளில் கன்று போட்டு வைத்து, கேட்பவர்களுக்கு விற்பார். வரிசையில் இருந்த பைகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, ஒவ்வொன்றின் அடியையும் பெருவிரலால் அமர்த்தி, ஒன்றை எடுத்துத் தந்தார். “இதக் கொண்டு போங்க ஐயா.” ஏன் அதை எடுத்தார் என்று நான் கேட்கவில்லை. இந்தக் கதை முழுக்க அந்தக் கேட்காத கேள்வியில்தான் இருக்கிறது.

கொழும்புக்கு வந்து ஐந்தாறு கிழமையில் தண்டு எழும்பியது. வைகாசி 21ஆம் திகதி பயணத்தடை போட்டார்கள், நினைவிருக்கும். ஒரு மாதம். வெசாக் வந்தது, தெருவில் ஒரு வெளிச்சக்கூடு இல்லை. தொடர்மாடியில் இருபத்துநான்கு வீட்டுச் சனமும் போக இடமில்லாமல் பின்னேரத்தில் மொட்டை மாடிக்கு வந்து நின்றது, ஆளுக்கொரு மூலையில், முகக்கவசத்தோடு. அவர்கள் பார்க்க அங்கே இருந்தது கடலும் தண்ணீர்த் தாங்கிகளும் என் தீவட்டிப்பூவும். தண்டு ஒவ்வொரு நாளும் விரலளவு உயர்ந்தது. கீழ்வரிசை மலர்ந்தது, மஞ்சளானது, அடுத்த வரிசை மலர்ந்தது. பிள்ளைகள் எண்ணினார்கள். படமெடுத்து வெளிநாட்டில் இருக்கிற சொந்தங்களுக்கு அனுப்பினார்கள். லண்டனிலிருந்து யாரோ “இது இங்கே றோட்டோரமெல்லாம் நிக்குது” என்று பதில் போட்டதை அன்ரி ரசிக்கவில்லை. நுவரெலியாப் பூவைக் கொழும்புச் சூட்டில் பூக்க வைத்தவன் என்று அன்று தொடங்கியது என் புகழ்.

நாலாம் நாள் தேன்சிட்டு வந்தது. எங்கள் ஒழுங்கைச் செவ்வரத்தைகளுக்கு வழமையாக வருகிற லோட்டன் தேன்சிட்டு, நீளமாக வளைந்த அலகு. அது அந்தரத்தில் நின்று குடிக்கவில்லை. நேராகத் தண்டிலேயே வந்து பிடித்து உட்கார்ந்து, கழுத்தை வளைத்து, கவிழ்ந்த குழாய்க்குள் அலகை விட்டது. முன்பின் பழக்கமில்லாத பூ என்ற தயக்கமே இல்லை. பிறகு வாசித்தேன்: இந்தச் செடியின் சொந்த ஊரான தென்னாபிரிக்காவில் இதற்கு மகரந்தம் கடத்துபவற்றில் தேன்சிட்டுகள் முக்கியமானவை. அங்குள்ளவையும் எங்களுடையவையும் ஒரே குடும்பம். இன்னொன்றும் கண்டேன், இதற்கும் செடி வளர்ப்புக்கும் சம்பந்தமில்லை, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. லோட்டன் என்பவர் 1752 முதல் 1757 வரை இங்கே ஒல்லாந்தர் காலத்து ஆளுநர். இலங்கைப் பறவைகளை ஓவியர் ஒருவரைக் கொண்டு வரைவித்துச் சேர்த்தவர். அவர் பதவியில் இருந்த 1753இல்தான் சுவீடனில் லின்னேயஸ் இந்தத் தென்னாபிரிக்கச் செடிக்குப் பெயர் வைத்தார், கற்றாழை வகை என்று எண்ணி, அலோ ஊவாரியா என்று. கொழும்பும் நன்னம்பிக்கை முனையும் அப்போது ஒரே ஒல்லாந்தக் கம்பனியின் கையில். இருநூற்றுச் சொச்சம் வருடம் கழித்து அந்தப் பறவையும் அந்தப் பூவும் வெள்ளவத்தை மொட்டை மாடியில் சந்தித்தன என்று நான் அன்று கொஞ்சம் மிதப்பாகவே திரிந்தேன்.

இலை மட்டும்

பூ வாடியதும் தண்டை அடியோடு வெட்டிவிட்டு அடுத்ததற்குக் காத்திருந்தேன். வரவில்லை. முதலில் அவசரப்படவில்லை. ஐப்பசி மழை, கார்த்திகை மழை, தை வந்தது. இலைகள் வந்துகொண்டே இருந்தன, பச்சைப் பசேலென்று, விளிம்பில் மெல்லிய அரம் வைத்தது போல, கையைக் கிழிக்கும் அளவுக்குக் கூராக, நீளமாக. அவ்வளவுதான்.

அப்புறம்தான் நான் வாசிக்கத் தொடங்கினேன். அறிவியல் பெயர் இப்போது நிப்போபியா. கற்றாழையிலிருந்து பிரித்தெடுத்தபோது, எர்ஃபர்ட் நகரத்து மருத்துவர் நிப்போஃப் என்பவரின் பெயரை வைத்தார்கள். அவர் செடிகளையே மையில் தோய்த்துக் காகிதத்தில் அமர்த்தி அச்செடுத்துப் புத்தகம் போட்டவர். ஏறத்தாழ எழுபது இனம், பெரும்பாலானவை தென்னாபிரிக்காவிலும் அதை அடுத்த மலைப்பகுதிகளிலும், மடகாஸ்காரிலும் யேமனிலும்கூட உண்டு. வளர்க்கும் முறை என்று எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: நாளுக்கு ஆறு மணித்தியால வெயில், தண்ணீர் வடியும் மண், கிழங்கு போன்ற அடிப்பகுதியை ஆழப் புதைக்காமல் மண் மட்டத்தில் வைப்பது, மூடாக்குப் போட்டால் குருத்தில் முட்டாமல் போடுவது, அடிக்கடி பிடுங்கி நடாமல் இருப்பது. பிரித்து நட்டால் கோபித்துக்கொண்டு ஒரு வருடம் பூக்காமலும் விடுமாம். இதில் எதையும் நான் மீறவில்லை. ஆற்று மணலும் கொம்போஸ்டும் தும்புச்சோறும் கலந்து, பெரிய சீமெந்துச் சாடியில், அடியில் உடைந்த ஓட்டுத் துண்டுகள் போட்டு வைத்திருந்தேன்.

என்னை மிகவும் குழப்பியது தண்ணீர். ஊரில் அது ஆற்றங்கரையிலும் சதுப்பிலும் நிற்கிற செடி. பூக்கும் பருவத்தில் நன்றாகக் குடிக்கும். ஆனால் ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் அதைச் சாகக் கொடுப்பது பெரும்பாலும் குளிரால் அல்ல, குளிர்காலத்து ஈரத்தால். உறங்கும் நேரத்தில் அடியில் தண்ணீர் நின்றால் அழுகிவிடும். அதற்காக மாரியில் இலைகளைக் கூட்டிக் கொண்டை போட்டுக் கட்டி, குருத்துக்குள் மழை இறங்காமல் காப்பார்களாம். சரி, உறங்கும் நேரத்தில் காயவிடவேண்டும். ஆனால் கொழும்பில் அது எப்போது உறங்குகிறது? இங்கே வருடம் முழுக்க 27, 28 பாகை. வருடத்துக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை, அதுவும் இரண்டு தவணையாக. உறங்கச் சொல்ல ஒரு மாதம் இல்லை. நான்தான் உறக்கத்தை உண்டாக்க வேண்டும் என்று 2021 மார்கழியில் முடிவெடுத்தேன். தினமும் இரவு பத்து மணிக்கு பிரிட்ஜிலிருந்து ஒரு தட்டு ஐஸ்கட்டி எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறுவேன். சாடியைச் சுற்றி அடுக்கிவிட்டு நிற்பேன். பத்து நிமிடத்தில் எல்லாம் தண்ணீர். மனைவி ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கூடுதல் அவமானம். அடுத்த வருடம் மின்வெட்டு வந்து, ஐஸ் வீட்டுக்கே இல்லாமல் போனதால் அந்தச் சிகிச்சை முடிந்தது.

பிறகு பசளை. 2021 நடுவில் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தினார்கள் அல்லவா, கடைகளில் பூப்பசளைப் பைக்கற் கிடைக்கவில்லை. அதுதான் காரணம் என்று ஆறு மாதம் அரசாங்கத்தைத் திட்டினேன். வாழைத்தோலை ஊறவைத்த தண்ணீர், சாம்பல், மாட்டெரு. இலைகள் இன்னும் கொழுத்தன. தோட்டத்து ஆபிரிக்க நத்தை ஒன்று எப்படியோ இவ்வளவு உயரம் ஏறி வந்து அந்த இலைகளுக்குள் குடியிருந்தது. ஊர்க்காரர்கள் ஒன்றாக இருக்கட்டும் என்று விட முடியாது, எடுத்து எறிந்தேன்.

2022 கார்த்திகையில் ஒரு செத்தவீட்டுக்காக யாழ்ப்பாணம் போய் இரண்டு கிழமை நிற்கவேண்டி வந்தது. செடிகளை அன்ரியிடம் ஒப்படைத்தேன். திரும்பி வந்தபோது “ஒருநாள் தவறேல்லை தம்பி, காலமையும் பின்னேரமும்” என்று வாசலிலேயே சொன்னார். அதுவும் வெறும் தண்ணீரல்ல, அரிசி கழுவிய தண்ணீர், சத்தாம். மேலே வானமும் தன் பங்குக்கு ஊற்றியிருந்தது. சாடிக்குக் கிட்டப் போகும்போதே மணத்தது. நடுக்குருத்தைப் பிடித்து மெல்ல இழுத்தேன், கையோடு வந்தது, அடி கூழாக. கத்தியால் அழுகலை வெட்டி, பக்கத்திலிருந்த இரண்டு குருத்துகளை மட்டும் காப்பாற்றிக் காய்ந்த மணலில் வைத்தேன். அன்ரியிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததை மனதுக்குள் வைத்து ஒரு வருடம் வளர்த்தேன். அது செடியைவிட நன்றாக வளர்ந்தது. இனிப் பூக்காததற்குக் காரணம் வேண்டுமென்றால் மூன்றாம் மாடியில் இருக்கிறது என்று ஒரு ஆறுதல். அவரைப் படிக்கட்டில் கண்டால் சிரிப்பேன், ஆனால் முந்திய சிரிப்பு இல்லை. அவருக்கு அது தெரிந்ததா தெரியாது. ரோசாச் செடிகள் மட்டும் வழக்கம்போல மேலே வந்தன.

உரித்துப் பார்த்தது

2024 தை மாதம்தான் மீண்டும் நுவரெலியா போக முடிந்தது. நோயாளியை வைத்தியரிடம் கொண்டுபோவது போல, சாடியிலிருந்து ஒரு குருத்தை வேரோடு எடுத்து, ஈரச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பங்களா அப்படியே இருந்தது. காலையில் புல் வெள்ளையாக இருந்தது, உறைபனி. பூக்கள் அதிகம் இல்லை, இலைப் புதர்கள்தான். தோட்டக்காரர் கம்பளித் தொப்பியோடு பைகளுக்கு மண் நிரப்பிக்கொண்டிருந்தார். என்னை அவருக்கு நினைவில்லை. நான் சாக்கை அவிழ்த்துக் கதை முழுவதையும் சொன்னேன், ஐஸ்கட்டியை மட்டும் விட்டுவிட்டு.

செடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுக்கு ஒண்ணும் இல்லீங்களே. நல்லாத்தானே வச்சிருக்கீங்க.”

“பூக்குதில்லை அண்ணே. முதல் வருடம் எவ்வளவு அழகாகப் பூத்தது தெரியுமா? அதற்குப் பிறகு நான் ஏதோ பிழை விட்டுவிட்டேன்.”

அவர் சிரிக்கவில்லை. வரம்பிலிருந்து ஒரு குருத்தைக் கத்தியால் பிரித்தெடுத்து, மண்ணைத் தட்டிவிட்டு, என் முன்னால் குந்தியிருந்து உரிக்கத் தொடங்கினார். வெளி இலை, அதற்குள் இலை, அதற்குள் இன்னொன்று. ஏழெட்டு இலை போன பிறகு, நடுவில், வெளிர்பச்சையாக ஒரு விரல் நுனி. உற்றுப் பார்த்தால் அதில் கடுகைவிடச் சின்னதாக மொட்டுகள் வரிசை வரிசையாக அடுக்கியிருந்தன. முழுப்பூவும் அதற்குள் இருந்தது, நிறம் மட்டும் இல்லை. வாழை குலை தள்ளுவதற்கு எவ்வளவோ முன்பு குலை தண்டுக்குள் உருவாகிவிடும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் இதையும் அப்படி யோசிக்க ஏன் தோன்றவில்லை?

“பனி விழுற நேரத்துல உள்ளுக்குள்ள கட்டிரும் ஐயா. விக்கிறப்ப அடியை அமுத்திப் பாத்து, மொட்டு இருக்கிறதாத்தான் குடுப்போம். வாங்கிட்டுப் போறவங்களுக்குப் பூக்கணும்ல? நீங்க கொண்டுபோனது இங்கனயே பூத்த செடிதான். வெளிய வர மட்டும்தான் அங்க வந்துச்சு.”

பிறகு நான் கேட்காமலே என் செடியையும் எடுத்தார். உரித்தார். இலை, அதற்குள் இலை, இலை. கடைசியில் நகக்கண் அளவுக்கு ஒரு பச்சை, அதுவும் இலை. அங்கே அழுகல் இல்லை, பூச்சி இல்லை, சத்துக்குறைவு இல்லை. குறைபட எதுவுமே இல்லை. அவர் உரித்த இலைகள் இரண்டு குவியலாக எங்களுக்கிடையில் கிடந்தன, ஒன்றில் அந்த விரல் நுனி, மற்றதில் ஒன்றுமில்லை.

அந்த நேரத்தில் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. நான் எதையும் கெடுக்கவில்லை. அன்ரியின் அரிசித் தண்ணீர் செடியில் பாதியைக் கொன்றது உண்மை, ஆனால் பூவைக் கொல்லவில்லை, கொல்ல அங்கே பூவே இருந்ததில்லை. ஒரு வருடம் அவரை மனதுக்குள் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருந்தது ஞாபகம் வந்து காது சுட்டது. நிம்மதி அரை நிமிடம்தான் நின்றது. இரண்டரை வருடத் தோல்வி என்னுடையதில்லை என்றால், அந்த ஒரு மாத வெற்றியும் என்னுடையதில்லை. பயணத்தடைக் காலத்தில் இருபத்துநான்கு வீடும் வந்து பார்த்தது, ஹக்கல மலையின் தைமாதப் பனியை. நான் செய்தது அதைப் பஸ்ஸில் கொண்டுவந்தது. ஐஸ்கட்டியோடு இருட்டில் நின்றவனைவிட, பூவுக்குப் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்திப் படமெடுத்துக்கொண்டவனை நினைக்கத்தான் கூச்சமாக இருந்தது.

குளிரைக் கொழும்பில் செய்ய முடியாது, சரி. அப்படியானால் ஒவ்வொரு தையிலும் வந்து மொட்டுள்ள கன்று ஒன்று வாங்கிக்கொண்டு போய், பூத்து முடிந்ததும் இலையை வைத்துக்கொண்டிருப்பதா? அது வளர்ப்பா, இல்லை சந்தையில் பூமாலை வாங்குவது போலவா? இந்தக் கேள்வியைத் தோட்டக்காரரிடமே கேட்டேன். அவருக்கு அதில் ஒரு சிக்கலும் தெரியவில்லை. “கொழும்புல மழையும் சூடும் நல்லா இருக்கு, அதுக்குன்னு செடி இருக்குல்ல. இதை வேணும்னா வருசா வருசம் எங்கிட்ட வாங்கிக்கங்க, எனக்கும் யாவாரம்.” சொல்லிக்கொண்டே ஒரு பையின் அடியை அமர்த்திப் பார்த்தார், வைத்தார், அடுத்ததை அமர்த்தினார், அதைத் தந்தார்.

வாங்கினேன். வாங்காமல் வருவது பெரிய கொள்கை போலத் தோன்றியது, ஆனால் கை தானாக நீண்டுவிட்டது. கொழும்பில் மீதியிருந்த குருத்தை அடுத்த முறை நுவரெலியா போன சொந்தக்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். வேலியோரம் நட்டுவிட்டதாகச் சொன்னார்கள்.

புதியது பங்குனியில் பூத்தது. முதல் தரத்தைவிடப் பெரிய தண்டு. மூன்று வருடம் இலையை மட்டும் பார்த்துவிட்டுச் சலித்திருந்தவர்கள் மறுபடி படியேறி வந்தார்கள். தேன்சிட்டும் வந்தது. அன்ரி மூட்டுவலியோடு மெல்ல மெல்ல ஏறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, பூவின் முன்னால் நின்றார். “நான் அப்பவே சொன்னனான், உங்கட கைராசி எங்க போகும்?”

இந்த முறை சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன். சொன்னேன். இதைப் பூக்க வைத்தது நானில்லை அன்ரி, மொட்டு நுவரெலியாவிலேயே உள்ளே கட்டிவிட்டது, நான் சும்மா கொண்டுவந்து வைத்தேன், முதல் தரமும் அப்படித்தான், அங்கே ஒரு ஐயா இருக்கிறார், அவருடைய கை. வாழைக்குலையை உதாரணம் காட்டினேன். அவர்மேல் இத்தனை நாள் மனத்தாங்கலோடு இருந்தேன் என்பதையும் சொல்ல வாயெடுத்தேன், அது மட்டும் வரவில்லை.

அன்ரி பொறுமையாகக் கேட்டார். பிறகு பக்கத்தில் நின்ற தன் மகளைப் பார்த்துத் தலையசைத்தார். “பாத்தியே பிள்ளை, இவ்வளவு செய்துபோட்டும் ஒரு துளி பெருமை இல்லை.” கீழே வைத்திருந்த பையிலிருந்து ஒரு ரோசாச் சாடியை எடுத்தார். நுவரெலியாவில் வாங்கியதாம், வாங்கும்போது ஏழு பூ, இப்போது முள்ளு மட்டும்.

வாங்கித் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில், வெயில் படுகிற இடமாகப் பார்த்து வைத்தேன்.